இங்கிலாந்தின் பழைய பப்கள்: ஓட்டுபவரே குடிக்க விரும்பினால்?

கேள்வி: நவம்பர் இறுதியில் லண்டனில் இறங்கி, வாடகைக் காரில் யார்க்ஷயர் வரை போகிறோம். வழியில் பழமையான பப்களையும் பார்க்க ஆசை. நான்தான் ஓட்டுநர், கூட மனைவியும் 10 வயது மகளும். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில், காரை லண்டனில் எடுக்காதீர்கள். சவுத்வர்க்கில் உள்ள ஜார்ஜ் இன், லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். 1676 தீ விபத்துக்குப் பின் 1677இல் மீண்டும் கட்டியது. முற்றத்தைப் பார்த்த மாடித் தாழ்வாரங்களோடு லண்டனில் மிஞ்சியிருக்கும் குதிரைவண்டிக் கால விடுதி இது ஒன்றே. அடுத்து ரயிலில் கேம்பிரிட்ஜ் போய் ஈகிள் பப்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் விமானப்படையினர் லைட்டராலும் மெழுகுவத்தியாலும் தங்கள் பெயர்களைப் பொறித்த கூரை அங்கே இருக்கிறது. டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக 1953இல் பிரான்சிஸ் கிரிக் அறிவித்ததும் அங்கேதான். அன்றிரவு கேம்பிரிட்ஜிலேயே தங்கி, மறுநாள் கார் எடுத்தால் இரண்டு பப்கள் ஸ்டீயரிங் கவலையில்லாமல் முடிந்துவிடும்.

இனி கணக்கு. இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால், இந்தியாவில் 30தான். தாராளம் என்று ஏமாற வேண்டாம்: மாட்டினால் குறைந்தது ஓராண்டு ஓட்டத் தடை. கார் வாடகைக் காப்பீடும் கைவிரித்துவிடும். ஒரு பைன்ட் 568 மி.லி.; 4% பீரென்றால் 568×4÷1000, அதாவது சுமார் 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால்). உடல் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்டைத்தான் கரைக்கும். ஆளுக்கு ஆள் மாறும். இரவு 11 மணிக்கு மூன்றாவது பைன்ட்டை முடித்தால், காலை 6 மணி வரை ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். பலரும் மாட்டிக்கொள்வது இந்த மறுநாள் காலையில்தான். காரிலேயே படுத்துத் தூங்கலாம் என்றும் எண்ணாதீர்கள். சாவி கையிலிருந்தால் 'வண்டி உங்கள் பொறுப்பில்' என்று வழக்குப் போடலாம். ஆகவே பகலில் பப் என்றால் சாப்பாடு மட்டும். குடிப்பது, அறையும் உள்ள பப்பில் இரவு தங்கும்போது.

நாட்டிங்ஹாமில் 'யி ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்' சுவரில் 1189 என்று எழுதியிருக்கும். கட்டடம் அவ்வளவு பழையதல்ல. அதே ஊரில் இன்னும் இரண்டு பப்கள் 'நாங்களே மூத்தவர்' என்று சண்டை போடுகின்றன. ஆண்டை விடுங்கள், கோட்டைப் பாறையைக் குடைந்த அறைகளைப் பாருங்கள். காரை ஊர் எல்லையில் பார்க் அண்ட் ரைடில் விட்டு டிராமில் வாருங்கள்.

பப்களில் ஆர்டர் எடுக்கப் பெரும்பாலும் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுன்டரில் சொல்லி அங்கேயே பணம் கட்ட வேண்டும். பல இடங்களில் சமையலறை பிற்பகல் 2.30க்கு மூடி மாலை 6 மணிக்குத்தான் திறக்கும். 16 வயதுக்குட்பட்டோர் பெரியவரோடு வரலாம், ஆனால் இரவு எத்தனை மணி வரை என்பது அந்தந்த பப்பின் விதி. போன் செய்து கேளுங்கள். பீப்பாய் ஏல் (பீப்பாயிலிருந்து ஊற்றித் தரும் பாரம்பரிய பீர்) 11–13 டிகிரியில்தான் வரும், அது குறையல்ல. புளித்த வாடை அடித்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள், மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். திறந்த பீப்பாயில் காற்று புகுவதால் சுமார் மூன்று நாளில் கெட்டுவிடும்.

கடைசி நிறுத்தம் யார்க்ஷயரில் உள்ள டான் ஹில் இன்: கடல்மட்டத்திலிருந்து 528 மீட்டரில், பிரிட்டனிலேயே உயரமான பப். 2021 நவம்பர் இறுதியில் பனிப்புயலில் சுமார் 60 பேர் மூன்று இரவுகள் அங்கே சிக்கினார்கள். அறையை முன்பே பதிவு செய்யுங்கள், அன்று காலை வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். அந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், பாதையும் குறுகல். மூன்றரைக்குள் மேலே போய்விடுங்கள். பெட்ரோலைக் கீழே ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.