கேள்வி – பதில்: முன்னால் போன வண்டி

கேள்வி: என் தாத்தா மதராஸ் சேப்பர்ஸ் படையில் இருந்தவர். பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும்தான் எங்கள் வேலை என்பார். ஆனால் பெரிய வீர விருதுகள் எல்லாம் எதிரியோடு நேருக்கு நேர் மோதுகிறவர்களுக்குத்தானே போகின்றன? பொறியாளர் படை அதிகாரி யாராவது வாங்கியிருக்கிறாரா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: வாங்கியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியரே உங்கள் தாத்தாவைப் போன்ற பொறியாளர் படைக்காரர்தான். பிரேமிந்திர சிங் பகத் என்பது அவர் பெயர். பம்பாய் சேப்பர்ஸ் படையில் செகண்ட் லெப்டினன்ட், வயது 22.

1941 ஜனவரி 31 இரவில் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) எல்லையிலுள்ள மெட்டெம்மாவை விட்டு இத்தாலியர்கள் பின்வாங்கினார்கள். போகிற வழியெல்லாம் கண்ணிவெடிகளைப் புதைத்துக்கொண்டே போனார்கள். துரத்திச் செல்லும் இந்தியப் படைக்குச் சாலையைச் சுத்தம் செய்து தருவது பகத்தின் பிரிவுக்கு இடப்பட்ட வேலை. கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் மின்கருவிகள் பரவலாகப் புழக்கத்துக்கு வராத காலம் அது. மண் புதிதாகக் கிளறப்பட்டிருக்கிறதா, சக்கரத் தடம் ஓரிடத்தில் மட்டும் அழிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்; கண் தவறினால், புதைத்திருப்பதை முதல் வண்டி கண்டுபிடிக்கும். பகத் அந்த முதல் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான்கு நாட்கள், 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டர் தூரத்தில் 15 கண்ணிவெடிக் களங்களைக் கண்டறிந்து, பக்கத்தில் நின்று அகற்ற வைத்தார். இரண்டு முறை அவர் ஏறியிருந்த வண்டியே வெடித்து, உடன் இருந்தவர்கள் பலியானார்கள், காயமுற்றார்கள். மூன்றாம் முறை பதுங்கியிருந்த எதிரிகள் மிக அருகிலிருந்து சுட்டபோதும் அவர் வேலையை நிறுத்தவில்லை. வெடிச் சத்தத்தில் ஒரு காதின் செவிப்பறை கிழிந்து, உடல் ஓய்ந்துபோன நிலையில், மாற்றாள் அனுப்புகிறோம் என்று மேலிடம் சொன்னதற்கு மறுத்துவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் விருதுக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது: இத்தனை நாள் பழகிவிட்டதால் இந்த வேலையை முடிக்க இப்போது நான்தான் கூடுதல் தகுதி உள்ளவன் என்பது. தாய்நாடு, மானம், கடமை என்று எதையும் அவர் இழுக்கவில்லை. அனுபவமுள்ள மேஸ்திரி சொல்லும் பதில் போல இருக்கிறது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உங்கள் தாத்தாவின் படைக்கே உரிய பெயர் ஒன்றும் உண்டு. 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கவிருந்த ஒன்றின் மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், மதராஸ் சேப்பர்ஸ். எதிரியோடு நேருக்கு நேர் மோதாத இடத்தில் காட்டும் வீரத்துக்குப் பிரிட்டன் தரும் மிக உயர்ந்த விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது.

கேள்வி: 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையோடு பகத் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்களே, அவர் யார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மேலே சொன்ன அதே பகத்தான். 1963-இல் அவர் பிரிகேடியர். டேராடூனிலுள்ள இந்திய ராணுவ அகாதெமியின் தலைவராக இருந்தார். லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸோடு அவரையும் சேர்த்து, ராணுவத் தரப்பில் நேர்ந்த பிழைகளை விசாரிக்கச் சொன்னார்கள். இத்தாலியர்கள் புதைத்ததைத் தேடியவருக்குச் சொந்த வீட்டில் புதைந்திருந்ததைத் தேடும் வேலை! அந்த அறிக்கையை அரசாங்கம் ரகசியம் என்று பூட்டி வைத்தது; ஒரு பகுதி மட்டும் 2014-இல் இணையத்தில் கசிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த தவறுகளைப் படிப்பதால் இன்றைக்கு எந்த எல்லை பறிபோய்விடும் என்பது எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு பகத் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்து வடக்குப் பிராந்தியத் தளபதியானார். 1971 போருக்குப் பின் ஜம்மு காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டை வரைபடத்தில் குறிக்கும் பேச்சுவார்த்தையில் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்தவர் அவர்தான். பாகிஸ்தான் தரப்பில் லெப்டினன்ட் ஜெனரல் அப்துல் ஹமீத் கான். 1972 டிசம்பர் 11 அன்று சுசேத்கரில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த ராணுவத் தலைமைத் தளபதி பகத்தே என்று பலரும் நினைத்திருக்க, பதவியில் இருந்த ஜெனரல் பேவூருக்குப் பணி நீட்டிப்புக் கிடைத்தது. 1974-இல் பகத் ஓய்வுபெற நேர்ந்தது. பிறகு தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராக இருந்து, மறு ஆண்டே, 56 வயதில் காலமானார்.