கிராமத்தில் முதியோர் கொடுமையைத் தடுக்கும் வேலைக்குப் பணம்: எங்கள் ஊரில் செய்தது

கேள்வி: கிராமத்தில் வயதானவர்களை வீட்டாரே கொடுமைப்படுத்துவதைத் தடுக்க, ஊர் அளவில் ஏதாவது செய்யவேண்டும் என்றால் பணத்துக்கு எங்கே போவது? அதை எதில் செலவழிப்பது?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறோம். எங்களுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

எதில் செலவழிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பணம் கேட்டுப் போனால் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் கிடைக்கும். இல்லையென்றால் ஜூன் 15, முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள் அன்று ஒரு பந்தல், ஒரு பேனர், ஆளுக்கொரு போர்வை. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை கொடுமையை நிறுத்தியது, வாரம் ஒருமுறை தவறாமல் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் ஓர் ஆள்தான். அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கத்தான் பணம் வேண்டும்.

எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்பவர் பீடி சுற்றும் ஒரு பெண். ஊருக்கே மைனி, அதாவது அண்ணி. ஒரு வீட்டில் ஆச்சி முதல் இரண்டு தடவையும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது வாரம் மைனி சொளவையும் (முறம்) எடுத்துக்கொண்டு போய், வீட்டு முன்பக்கத் தார்சாவில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே பேசியிருக்கிறார். ஆச்சியின் சேலை முந்தியில் ஒரு முடிச்சு. காசு என்று நினைத்துக் கேட்டால், அவிழ்த்துக் காட்டினாராம். காய்ந்துபோன பாதி பன். "ராத்திரிக்கு வச்சிருக்கேன் மக்கா." மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை வருகிறது. ஏடிஎம் கார்டு பேரன் கையில்.

போலீசுக்குப் போகவில்லை. ஆச்சியை ஆட்டோவில் வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பழைய கார்டை நிறுத்தினோம். இப்போது அவரே கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறார். அதைவிட, செவ்வாய்க்கிழமை ஆனால் மைனி வந்துவிடுவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அப்புறம் ராத்திரிச் சாப்பாடு தட்டில் வந்தது.

இன்னொரு செலவையும் விட்டுவிடாதீர்கள். எல்லா மருமகளும் கொடுமைக்காரி இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்டி, துணி அலசி, கூலி போய்விடக்கூடாதே என்று ராத்திரி உட்கார்ந்து பீடியும் சுற்றுகிறவள் ஒருநாள் கை ஓங்கிவிடுகிறாள். அவளிடம் போய் உபதேசம் செய்யக்கூடாது. படுக்கைப் புண் வராமலிருக்க ஒரு தண்ணீர்ப் படுக்கையும், வாரத்தில் இரண்டு மத்தியானம் மாற்றி உட்கார ஓர் ஆளும் கொடுத்தால் அந்த வீட்டில் சத்தம் குறைகிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான செலவாகத் தெரிகிறது.

சரி, பணம். நம் பக்கத்து ஊர்களுக்குப் பணம் பிரிக்கத் தெரியாதா? கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுகிறோம் இல்லையா? அந்த வரிக் கூட்டத்தில் தலைக்கட்டுக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கேட்டோம். 180 தலைக்கட்டு, 9,000 ரூபாய். சென்னையிலும் பம்பாயிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு, அப்பா அம்மாவை ஊரில் விட்டிருக்கிறவர்கள் கொடைக்கு வருவார்கள். அவர்களில் 14 பேர் ஆளுக்கு 2,000 கொடுத்தார்கள். மொத்தம் 37,000. மைனிக்கு மாதம் 2,500 வீதம் 30,000 போக, மீதி 7,000 ஆட்டோ, பஸ், ஜெராக்ஸ் செலவுக்கு. தண்ணீர்ப் படுக்கை மாதிரி பெரிய சாமான்களை வெளியூர்க்காரர்களிடம் தனியாகக் கேட்டு வாங்குகிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆச்சியைப் பட்டினி போடுகிற வீட்டுக்காரரும் வரி கொடுக்கிறார், வரிக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். அதனால் வருடத் தொடக்கத்திலேயே முழுப் பணத்தையும் சுயஉதவிக் குழுவின் பெயரில் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறோம். எந்த வீட்டில் என்ன பார்த்தார் என்று மைனி ஊர்க் கமிட்டிக்குச் சொல்லவேண்டியதில்லை. இதை முதல் கூட்டத்திலேயே ஒத்துக்கொள்ள வையுங்கள். பிறகு பேசினால் நடக்காது.

கம்பெனிகளிடமும் கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதிக்கான பட்டியலில் முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம் இரண்டும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் காற்றாலை நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த நிதியை வாங்கும் அமைப்பு பதிவுபெற்றதாக இருக்கவேண்டும், இந்த நிதி வாங்குவதற்கென்று உள்ள சிஎஸ்ஆர்-1 பதிவுப் படிவமும் தாக்கல் செய்திருக்கவேண்டும். ஊர்க்குழுவிடம் அது இருக்காது. ஏற்கெனவே பதிவு செய்த ஒரு டிரஸ்டோடு சேர்ந்து, பகல்நேர மையம் என்று எழுதி, அதிலேயே வீடு வீடாகப் போகும் ஆளின் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

வக்கீலுக்கு என்று பணம் ஒதுக்காதீர்கள். 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்ட அளவில் தீர்ப்பாயம் இருக்கிறது. 60 வயதானவர் தானே மனு கொடுக்கலாம், அவர் எழுதிக்கொடுத்தால் அவருக்காக ஓர் அமைப்பும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட முடியும். நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆச்சியைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வண்டிச் செலவுதான் நம்முடையது. 14567 முதியோர் உதவி எண்ணுக்கும் காசு கிடையாது.

மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மென்ட் எழுதப்போகிறார் என்று காதில் விழுந்தால் உடனே போய்ப் பாருங்கள். "என்னைக் கடைசிவரை வைத்துப் பராமரிக்கவேண்டும்" என்று பத்திரத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பராமரிக்காவிட்டால் அதே 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடி. 2022இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிபந்தனை இருக்கவேண்டும் என்றுதான் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, தீர்ப்பாயம் சொத்தை மீட்டுப் பெரியவர் கையிலேயே ஒப்படைக்கச் சொல்லலாம் என்றது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் பைசா செலவில்லை.

எங்கள் ஊரில் கொடை சித்திரையில், வரிக் கூட்டம் பங்குனியில். உங்கள் ஊர்க் கூட்டம் எப்போது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் பட்டியல் எடுத்துவிடுங்கள்: தனியாக இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டவர்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேட்டால் பாதிப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும். கூட்டத்தில் பெயர்களை வாசிக்காதீர்கள். இத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள்.