அயர்லாந்துல கோல்ஃப் ஆடப் போறீங்களா? உங்க கேள்வியும் என் பதிலும்

அயர்லாந்து கோல்ஃப் ட்ரிப் பத்தி கேள்வி நிறைய சேர்ந்து போச்சு, இன்னைக்கு உக்காந்து ஒரே மூச்சுல பதில் சொல்லிடலாம்னு இருக்கேன். முதல்லயே சொல்லிடுறேன், என் ஹேண்டிகேப் 19 (இந்த நம்பர் கூடக் கூட ஆட்டம் சுமார்னு அர்த்தம்), அதுவும் காத்து அடிக்காத நாள்ல. அதனால ஸ்விங்கை எப்படி சரி பண்றதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. வழி, வண்டி, டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்க கிளப் ஒதுக்குற நேரம்), மழை, சாப்பாடு இதெல்லாம் கேளுங்க, பல தடவை போய் அடிபட்டு கத்துக்கிட்டது இருக்கு.

நாங்க நாலு பேர், ஏழு நாள் லீவு. ராயல் கவுன்டி டவுன், ராயல் போர்ட்ரஷ், போர்ட்மார்னக், லாஹிஞ்ச், பாலிபுனியன், ஓல்ட் ஹெட்னு ஆறு கோர்ஸையும் முடிச்சிடணும். எந்த வரிசைல போகலாம்?

எந்த வரிசைலயும் போகாதீங்க சார். ஒரு மேப்பை எடுத்து வெச்சு இந்த ஆறு கோர்ஸையும் புள்ளி வெச்சு பாருங்க, முதல் ரெண்டும் வடக்க, போர்ட்மார்னக் டப்ளினை ஒட்டி, லாஹிஞ்ச் மேற்கு கரைல, பாலிபுனியன் அதுக்கும் கீழ, ஓல்ட் ஹெட் தெக்கு ஓரத்துல கின்சேல் பக்கத்துல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குற பாறை மேல. போர்ட்ரஷ்ல இருந்து லாஹிஞ்ச் போகவே கார்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். முதல் நாள் மணல்மேட்டுல ஏறி இறங்கி 18 ஹோல் நடந்திருப்பீங்க, மறுநாள் காலைல எட்டு மணி டீ டைமுக்காக நடுராத்திரி வண்டி ஓட்டுவீங்க, மூணாவது நாள் நாலு பேருக்குள்ள பேச்சுவார்த்தையே இருக்காது. இப்படி ஒரு ட்ரிப்ல நானும் இருந்திருக்கேன், அதனாலதான் சொல்றேன்.

ஏதாவது ஒரு கரையை மட்டும் எடுத்துக்குங்க. வடக்குன்னா போர்ட்மார்னக்ல ஆரம்பிச்சு, வழியில பால்ட்ரேல இருக்குற கவுன்டி லவுத் (2009ல ஷேன் லோரி அமெச்சூரா இருக்கும்போதே ஐரிஷ் ஓப்பன் ஜெயிச்ச இடம்), அப்புறம் மோர்ன் மலையடிவாரத்துல ராயல் கவுன்டி டவுன், கடைசில போர்ட்ரஷும் பக்கத்துல போர்ட்ஸ்டுவர்ட்டும். தென்மேற்குன்னா ஷானன் ஏர்போர்ட்டுக்கு கனெக்‌ஷன் கிடைச்சா அங்க இறங்குங்க, லாஹிஞ்ச்ல ரெண்டு மூணு ராத்திரி, அப்புறம் பாலிபுனியன், ட்ரலீ, முடிஞ்சா வாட்டர்வில். முதல் தடவை போறவங்களுக்கு என் ஓட்டு தென்மேற்குக்குத்தான்.

லாஹிஞ்ச்ல இருந்து பாலிபுனியன் போக ஜிபிஎஸ் சில சமயம் லிமெரிக் சுத்தி கூட்டிட்டு போகும், அதைக் கேக்காதீங்க. கில்லிமர்ல இருந்து டார்பெர்ட்டுக்கு கார் ஏத்துற ஃபெரி இருக்கு, ஷானன் ஆத்தை இருபது நிமிஷத்துல தாண்டிடலாம். வண்டியை விட்டு இறங்கி மேல்தளத்துல நின்னா சில நாள் டால்ஃபின் கூட தெரியும், என் கண்ணுல பட்டதே இல்லங்கிறது வேற கதை.

வண்டி விஷயம். நாலு பேர், நாலு கோல்ஃப் பேக், நாலு பெட்டி, இது எந்த சாதா கார்லயும் அடங்காது. வேன் எடுங்க, இல்ல டிரைவரோட மினிபஸ் எடுங்க, நாலா பிரிச்சா பெரிசா தெரியாது, சாயங்காலம் எல்லாரும் நிம்மதியா ஒரு கின்னஸ் குடிக்கலாம். நீங்களே ஓட்டுறதுனா ஆட்டோமேட்டிக் வேணும்னு புக் பண்ணும்போதே சொல்லுங்க, சொல்லலன்னா கியர் வண்டிதான் வரும். நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான், அதுல பிரச்சனை இல்ல. ஆனா கிராமத்து ரோடு ரெண்டு பக்கமும் வேலிச்செடி உரசுற அளவுக்கு ஒடுக்கம், சில இடத்துல நடு ரோட்டுல புல்லு முளைச்சிருக்கும். அந்த செடிக்குள்ள ஒளிஞ்சிருந்த கல் சுவர்ல ஒரு தடவை கண்ணாடியைக் கொடுத்துட்டு வந்தேன், வாடகை கம்பெனிக்காரன் அந்த ஒரு கண்ணாடிக்கு வாங்கின காசுல இன்னொரு ரவுண்டு ஆடியிருக்கலாம். எக்ஸஸ் இன்ஷூரன்ஸை (வண்டி அடிபட்டா நம்ம தலைல விழுற பங்குக்கான இன்ஷூரன்ஸ்) தனியா முன்னாடியே எடுத்துடுங்க. சின்ன ரோட்டுக்கெல்லாம் 2025 பிப்ரவரில இருந்து வேகம் 60 கிலோமீட்டர்தான். வடக்க போனா போர்டுல இருக்குறது மைல் கணக்கு, அதையும் மறந்துடாதீங்க.

இந்திய பாஸ்போர்ட். ஷெங்கன் விசா கைல இருக்கு. போதுமா?

போதாது. அயர்லாந்து ஷெங்கன்ல கிடையாது, தனி விசா. போர்ட்ரஷும் ராயல் கவுன்டி டவுனும் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். ரோட்டுல போனா பார்டர்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, செக்போஸ்ட் கிடையாது, போர்டுல கிலோமீட்டர் மைலா மாறும், கடைல யூரோ பவுண்டா மாறும், அவ்வளவுதான். அதுக்காக விசா இல்லாம தாண்டலாம்னு அர்த்தம் இல்ல, மாட்டினா சிக்கல். இந்தியாவுல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு பிரிட்டிஷ் ஐரிஷ் விசா ஸ்கீம்னு ஒண்ணு இருக்கு, அந்தக் குறிப்போட விசா கிடைச்சா ரெண்டு பக்கமும் போகலாம், ஆனா எந்த நாடு விசா கொடுத்துச்சோ அங்கதான் முதல்ல இறங்கணும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி விதிமுறையை ஒரு தடவை அரசாங்க சைட்ல பாத்துடுங்க. சென்னைல இருந்து நேரடி ஃப்ளைட் கிடையாது, துபாய், தோஹா, அபுதாபி வழியா டப்ளின் போயிடலாம்.

எந்த மாசம் நல்லது? மழை எப்படி?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், காலைல ஒரு ரவுண்டு ஆடிட்டு சாப்பிட்டு தூங்கி எழுந்து சாயங்காலம் சின்ன கோர்ஸ்ல இன்னொண்ணு ஆடலாம். மழை எல்லா மாசமும் வரும், ஒரே நாள்ல நாலு தடவையும் வரும், நம்ம ஐப்பசி மழை மாதிரி கொட்டாது, சலிச்சு விட்ட மாதிரி தூறிக்கிட்டே இருக்கும். மழைய விட காத்துதான் ஆளை அசத்தும். நல்ல ரெயின் ஜாக்கெட், பேன்ட், மழைக்குன்னே விக்கிற க்ளவுஸ் ரெண்டு ஜோடி. குடை வேணாம், பாராசூட் ஆயிடும்.

லாஹிஞ்ச்ல வானிலை பாக்க ஆடு வெச்சிருக்காங்க, நெஜமாத்தான். ஆடுங்க கிளப்ஹவுஸை ஒட்டி வந்து ஒதுங்கினா மழை வரும், தூரத்து மேட்டுல மேஞ்சிக்கிட்டு இருந்தா வெயில். அங்க இருக்குற பழைய பாரோமீட்டர்ல முள்ளே கிடையாது, ‘ஆட்டைப் பார்’னு எழுதி வெச்சிருக்காங்க. கிளப் சின்னத்துலயே ஆடுதான்.

ஹேண்டிகேப் 26. பெரிய கோர்ஸ்ல விடுவாங்களா? சிரிக்க மாட்டாங்களே?

சிரிக்க மாட்டாங்க. மெதுவா ஆடினாதான் முறைப்பாங்க. சில கிளப்ல ஹேண்டிகேப் சர்ட்டிபிகேட் கேப்பாங்க, ஆம்பளைங்களுக்கு ஒரு வரம்பு, பொம்பளைங்களுக்கு ஒரு வரம்புன்னு வெச்சிருப்பாங்க, அந்தந்த கிளப் சைட்ல இருக்கும், உங்க கிளப் செக்ரட்டரிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு போங்க.

பயமா இருந்தா இதை நினைச்சுக்குங்க. 2019 பிரிட்டிஷ் ஓப்பன் போர்ட்ரஷ்ல நடந்தப்போ, அந்த ஊர்ப்பக்கத்துப் பையன் ரோரி மெக்கில்ராய் முதல் டீல, அதாவது ஆட்டம் ஆரம்பிக்கிற எடத்துல, அடிச்ச பந்து நேரா எல்லைக்கு வெளிய, பார் 4 ஹோல்ல, அதாவது நாலு தடவை அடிச்சு முடிக்க வேண்டிய ஹோல்ல, 8. அதே கோர்ஸ்ல 16 வயசுல மொத்த ரவுண்டையும் 61 தடவை அடிச்சு முடிச்சவர் அவர். அவருக்கே அப்படின்னா நமக்கு என்ன?

ஆனா ஒண்ணு, கேடி (பேக்கைத் தூக்கிட்டு கூடவே வந்து வழி சொல்றவர்) எடுங்க. இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. லிங்க்ஸ் கோர்ஸ்ல, அதாவது கடலோர மணல்மேட்டு கோர்ஸ்ல, பாதி இடத்துல எங்க அடிக்கணும்னே தெரியாது. லாஹிஞ்ச்ல நாலாவது ஹோல் க்ளாண்டைக், ஃபேர்வே (பந்து போக வேண்டிய புல்வெளிப் பாதை) நடுவுல ஒரு மணல்குன்று நிக்கும், அதுக்கு மேல கொடியோட ஒருத்தர் நின்னுக்கிட்டு அடிக்கலாமா வேணாமான்னு கொடி காட்டுவார், ஏன்னா அந்தப் பக்கம் பதினெட்டாவது ஹோல்காரங்க குறுக்க வருவாங்க. அடுத்தது டெல், சின்ன பார் 3, ஆனா கிரீன், அதாவது குழி இருக்குற புல்தரை, ரெண்டு குன்றுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கும், கொடிக்கம்பு கூட கண்ணுல படாது. குன்று மேல வெள்ளை பெயின்ட் அடிச்ச ஒரு கல்லு வெச்சிருப்பாங்க, அன்னைக்கு குழியும் கொடிக்கம்பும் எங்க இருக்கோ அதுக்கு நேரா கல்லை நகர்த்தி வெப்பாங்க, நீங்க கல்லைப் பாத்து அடிச்சிட்டு சாமியைக் கும்பிட்டுக்கிட்டே ஏறிப் போகணும். மேல போய் எட்டிப் பாக்குற அந்த பத்து செகண்டுக்காகவே நான் திரும்பத் திரும்ப போறேன். நான் கடைசியா ஆடினப்போ பந்து கொடிக்கு ஆறடில கிடந்துச்சு, அதைத் தட்டி குழில போட முடியாம விட்டுட்டேன், கேடி ஒண்ணும் சொல்லல, தொப்பியை மட்டும் சரி பண்ணிக்கிட்டார்.

கேடிக்கு ரொக்கமா கைல கொடுக்கணும், கூட டிப்ஸும். ஏடிஎம்ல முந்தின நாளே எடுத்து வெச்சுக்குங்க.

ஊட்டிலயும் கிண்டிலயும்தான் ஆடியிருக்கேன். பெருசா எதை மாத்தணும்?

பந்தை உசரமா தூக்கிப் போட்டு கிரீன்ல நிறுத்துற பழக்கத்தை விமானத்துலயே விட்டுட்டு வாங்க. கடலோர மணல் தரை, மேல மெல்லிசா ஃபெஸ்க்யூ புல், தரை கெட்டியா இருக்கும், பந்து விழுந்த எடத்துல இருந்து இன்னும் முப்பது அடி ஓடும். கிரீனுக்கு வெளிய இருபது கெஜத்துல இருந்தும் பட்டர் (பந்தைத் தரையோட உருட்டுற மட்டை) எடுக்கலாம், யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க, அங்கத்துக்காரங்களே அப்படித்தான் ஆடுறாங்க. காத்துக்கு எதிர்ல நூத்தம்பது கெஜத்துக்கு நாலாம் நம்பர் அயர்ன் மட்டை (நம்பர் கூடினா தூரம் குறையும்), காத்தோட போனா அதே தூரத்துக்கு ஒம்பதாம் நம்பர் அயர்ன் போதும். போர்ட்ரஷ் பதினாறாவது ஹோலுக்கு பேரே கலாமிட்டி, 236 கெஜம், பார் 3, வலப்பக்கம் கிடுகிடு பள்ளம், இடப்பக்கமா ஒதுங்கி அடிச்சிட்டு நாலு எடுத்தா சந்தோஷமா அடுத்த டீக்கு போங்க.

க்ரீன் ஃபீ (கோர்ஸ்ல ஆடுறதுக்கான கட்டணம்) பாத்தா தலை சுத்துது. கம்மி செலவுல வழி இருக்கா?

இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இதுதான். பெரிய பேர் உள்ள கோர்ஸ் எல்லாம் சீசன்ல முந்நூறு யூரோவுக்கு மேல போயிடுச்சு. அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் வெச்சுக்குங்க, மத்த நாள் எல்லாம் வடமேற்கு பக்கம் போங்க. மேயோல பெல்முல்லட் பக்கத்துல கார்ன் இருக்கு, கோர்ஸ் வடிவமைக்கிற எடி ஹேக்கெட் போட்டது, அந்த மணல்குன்று உயரத்துக்கு முன்னாடி பெரிய பேர்காரங்க எல்லாம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கணும். ஸ்லைகோல ரோசஸ் பாயின்ட், எந்த ஹோல்ல நின்னாலும் பென்புல்பன் மலை மேஜை மாதிரி நிக்கும். டோனிகால்ல பாலிலிஃபின். கூட்டம் கம்மி, டீ டைமும் சுலபமா கிடைக்கும். பெரிய கிளப்ல சீசன் டீ டைம் ஒரு வருஷம் முன்னாடியே போயிடும், சனி ஞாயிறு பெரும்பாலும் மெம்பர்களுக்குத்தான்.

இன்னொரு வழி, நிறைய கிளப் ஓப்பன் காம்பெடிஷன், ஓப்பன் வீக்னு நடத்துவாங்க, ஹேண்டிகேப் இருக்குற வெளியாளும் பேர் கொடுக்கலாம், விசிட்டர் ரேட்டை விட ரொம்ப கம்மி. கூட ஆடுறது உள்ளூர் மாட்டு டாக்டரா இருக்கலாம், ஸ்கூல் வாத்தியாரா இருக்கலாம், ஆட்டம் முடியுறதுக்குள்ள உங்க குடும்பக் கதை மொத்தமும் வாங்கிடுவாங்க. கிராமத்து ஒம்பது ஹோல் கோர்ஸ் சிலதுல ஆளே இருக்காது, சுவத்துல ஒரு பெட்டி, காசை கவர்ல போட்டுட்டு ஆட வேண்டியதுதான்.

எனக்கு முட்டி வலி. பக்கி, அதாவது கோர்ஸ்ல ஓட்டுற சின்ன வண்டி, கிடைக்குமா?

லிங்க்ஸ்ல நம்பாதீங்க. சில எடத்துல கிடையவே கிடையாது, சில எடத்துல டாக்டர் லெட்டர் இருந்தாதான். புக் பண்ணும்போதே கேட்டு மெயில்ல எழுதி வாங்கிக்குங்க. மவுன்ட் ஜூலியட், கே கிளப் மாதிரி ரிசார்ட் கோர்ஸ்ல கிடைக்கும்.

மனைவி கோல்ஃப் ஆட மாட்டாங்க. கோச்சுக்காம எங்க கூட்டிட்டு போறது?

போர்ட்ரஷ் இல்லன்னா லாஹிஞ்ச். போர்ட்ரஷ்ல இருந்து ஜயன்ட்ஸ் காஸ்வே, டன்லூஸ் கோட்டை, புஷ்மில்ஸ் விஸ்கி ஆலை எல்லாம் பக்கம். லாஹிஞ்ச்ல கடற்கரை இருக்கு, சர்ஃபிங் சொல்லித் தர்றாங்க, மோஹர் பாறை பத்து பதினஞ்சு நிமிஷம். ஏழு நாள்ல நாலு ரவுண்டுக்கு மேல போடாதீங்க தம்பி, அஞ்சாவது ரவுண்டுக்கு வீட்டுல விலை வேற.

2027 ரைடர் கப் (ஐரோப்பா, அமெரிக்கா டீம்கள் மோதுற கோல்ஃப் போட்டி) பாத்துட்டு அப்படியே ஆடிட்டும் வரலாமா?

செப்டம்பர் 2027, லிமெரிக் பக்கத்துல அடேர் மேனர். முதல் ரைடர் கப் 1927ல நடந்ததால இது நூறாவது வருஷம் வேற. அந்த வாரம் லிமெரிக், கிளேர், கெர்ரி மூணுலயும் ரூம் விலை எங்க போகும்னு சொல்லவே வேணாம். மேட்ச் பாக்கணும்னா அதை மட்டும் பாருங்க, கோல்ஃப் பேக்கை வீட்டுல வெச்சிட்டு ரயில் வசதி இருக்குற ஊர்ல தங்குங்க.

நான் சுத்த சைவம்.

பப்ல இன்றைய சூப்புன்னு ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் காய்கறி சூப், கூட பிரவுன் சோடா பிரெட், வெண்ணெய். குளிர்ல நடுங்கிட்டு வந்து அதைக் குடிச்சா ரசம் சாதம் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆனா சிக்கன் ஸ்டாக் போட்டிருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. சீஸ் டோஸ்டி, சிப்ஸ் எங்கயும் உண்டு. ஊறுகாய் பாட்டிலை பெட்டிக்குள்ள வெச்சுக்குங்க.

சொந்த செட் கொண்டு போகலாமா, அங்க வாடகைக்கு எடுக்கலாமா?

ஒரு வாரத்துக்கு மேலன்னா சொந்தம், மூணே ரவுண்டுன்னா வாடகை. எனக்கு ஒரு தடவை மாத்து ஃப்ளைட்ல பேக் தங்கிடுச்சு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டு ரவுண்டு வாடகை செட்ல ஓடிப்போச்சு. அதுல இருந்து ஷூவையும் ரெயின் ஜாக்கெட்டையும் கைப்பைலதான் வெக்கிறேன். டிரைவர் மட்டையோட தலையைக் கழட்டி சாக்ஸுக்குள்ள சுத்தி வெச்சிடுங்க.

எத்தனை பந்து எடுத்துட்டு போகணும்?

ரவுண்டுக்கு ஆறு. அந்த நெட்டைப் புல்லுல போனா தேட மூணு நிமிஷம்தான், கேடி ரெண்டாவது நிமிஷத்துலயே அடுத்த பந்தை நீட்டிடுவார். பாலிபுனியன் முதல் டீல வலது பக்கம் இடுகாடு இருக்கு. அங்க போன பந்தைத் தேடப் போகாதீங்க, என்னோடது ரெண்டு அங்கதான் கிடக்கு.