கணிதத் தளத்துக்கு நிரல் எழுத ஒரு கோடைக்காலம்

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பள்ளி நாளிலிருந்தே எனக்குக் கணிதம்தான் பிடித்த பாடம். நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் முடிகிற கட்டற்ற மென்பொருளாக இயங்கும் கணிதத் தளங்களுக்குக் கோடையில் மாணவர்கள் நிரல் எழுதிக்கொடுத்து உதவித்தொகை பெறுகிறார்கள் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். என் தோழிகளோ ஒரு நிறுவனத்தில் எட்டாயிரம் ரூபாய் கட்டி இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்குகிறார்கள். அப்பாவும் அதையே கட்டிவிடலாம் என்கிறார். என்னிடம் இருப்பது நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், ஆங்கிலமும் தடுமாற்றம்தான். உலகமெங்கும் இருந்து விண்ணப்பிக்கிற இடத்தில் எனக்கு வாய்ப்பு உண்டா? எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

அந்த எட்டாயிரம் ரூபாயைக் கட்ட வேண்டாம். இன்டர்ன்ஷிப் என்பது ஒரு நிறுவனம் தன் வேலையில் ஒரு பகுதியை உங்களிடம் ஒப்படைத்து, அதைச் செய்யும் முறையை அருகிலிருந்து சொல்லித்தரும் ஏற்பாடு. பணம் உங்கள் கையிலிருந்து அவர்களுக்குப் போகிறது என்றால் அங்கே நீங்கள் வெறும் வாடிக்கையாளர். நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் புரட்டிப் பார்க்கிறவர் அடுத்ததாக, அங்கே என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு எட்டாயிரம் ரூபாய்ச் சான்றிதழில் பதில் இருக்காது. அப்பா அக்கறையோடுதான் சொல்கிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

உங்கள் சீனியர் குறிப்பிட்டது பெரும்பாலும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற திட்டமாக இருக்கும். 2005இல் தொடங்கிய இத்திட்டத்தில் பணம் தருவது கூகுள். வேலையைத் தருவதும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும், வாரந்தோறும் வழிகாட்டுவதும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் அமைப்புகள். 2022 முதல் மாணவர் அல்லாதவர்களும் சேரலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்டற்ற மென்பொருள் உலகுக்குப் புதியவராக இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. உதவித்தொகை அவரவர் நாட்டின் விலைவாசியைக் கணக்கில் கொண்டு நிர்ணயிக்கப்பட்டு, இரண்டு மதிப்பீடுகளுக்குப் பின் இரண்டு தவணைகளாகத் தரப்படுகிறது. பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும், மார்ச் இறுதியை ஒட்டி விண்ணப்பங்கள் பெறப்படும், மே மாதத்தில் முடிவு தெரியும், அதன் பின் பன்னிரண்டு வாரம் வேலை நடக்கும். கணக்குகளைக் கணினியில் போட உதவும் ஸேஜ்மேத், சிம்பை ஆகிய இரண்டு மென்பொருள்களும் பல ஆண்டுகள் இதில் பங்கேற்றிருக்கின்றன. ஆனால் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் மாறும் என்பதால், வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்: கோடைக்கு ஆள் எடுக்கும் வேலை குளிர்காலத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது. மார்ச் மாதத்தில் முதன்முதலாக அறிமுகமாகிறவர் அனுப்பும் இருபது பக்க விண்ணப்பத்தைவிட, டிசம்பரிலேயே ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பி, குறை சொன்னபோது பொறுமையாக மாற்றிக் கொடுத்தவரின் ஐந்து பக்க விண்ணப்பத்தையே வழிகாட்டிகள் நம்புவார்கள். சிம்பை அமைப்பு இதை நிபந்தனையாகவே வைத்திருந்தது. விண்ணப்பிப்பவருடைய ஒரு திருத்தமாவது அதன் மூல நிரலில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே எனக்கு வாய்ப்பு உண்டா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, இந்த மாதமே ஒரு திருத்தம் அனுப்புவதில் இறங்குங்கள்.

எந்த இடத்தில் அனுப்புவது என்பதற்கு, கணிதத் தளங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்திருப்பது உதவும். 2000ஆம் ஆண்டு இறுதியில் மேத்வேர்ல்டு என்ற பெரிய கணிதக் கலைக்களஞ்சியம் பதிப்புரிமை வழக்கு ஒன்றினால் ஏறத்தாழ ஓராண்டு முடங்கிக் கிடந்தது. யார் வழக்குப் போட்டாலும் மூடமுடியாத, எல்லோரும் சேர்ந்து எழுதும் களஞ்சியம் வேண்டும் என்ற எண்ணத்தில் அப்போது பிறந்ததுதான் பிளானெட்மேத். அதற்காக எழுதப்பட்ட நூஸ்ஃபியர் என்ற மென்பொருள், ஒரு கட்டுரையில் வரும் கணிதச் சொல்லை அச்சொல்லின் வரையறை உள்ள பக்கத்தோடு தானாகவே இணைத்துவிடும். இப்படிப்பட்ட தளங்களில் கணிதத்தை எழுதுபவர்கள் பலர் இருப்பார்கள். இணைப்பு வேலை செய்கிறதா, தேடல் சரியாக வருகிறதா, சமன்பாடு திரையில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்கும் நிரலாளர்கள்தான் எப்போதும் போதாது.

ஒரு சிறிய உதாரணம் சொல்கிறேன். இணையத்தில் சமன்பாடுகளைக் காட்டுவதற்குப் பல தளங்கள் மேத்ஜாக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. கணினியில் அழகாகத் தெரியும் நீண்ட சமன்பாடு, கைபேசியில் திறக்கும்போது வலப்பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். சமக்குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நம் ஊரில் பாதி மாணவர்கள் பாடத்தைக் கைபேசியில்தான் படிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய திரைக்கு முன் அமர்ந்திருக்கும் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அது கண்ணில் படாமலே போகலாம். அந்தச் சமன்பாட்டுக்கு மட்டும் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கும் வசதியைச் செய்துகொடுப்பது பெரும்பாலும் சில வரி வேலைதான். உங்கள் முதல் திருத்தம் இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம்.

அடுத்து, உங்கள் கணித ஆர்வம் எங்கே கைகொடுக்கும் என்பது. எல்எம்எஃப்டிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு தளம் இருக்கிறது. எண்கோட்பாட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எல்-சார்புகள், மாடுலர் வடிவங்கள் ஆகியவற்றின் தரவுத்தளம் அது. அதன் நிரல் பெரும்பாலும் பைத்தான் மொழியில், யாரும் படிக்கும்படி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. இராமானுஜன் 1916இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்த, 1, 2, 3 என்ற ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மதிப்பு தரும் டௌ சார்பின் மதிப்புகளை அங்கே காணலாம்: 1, -24, 252, -1472, 4830, -6048 என்று வரிசை போகும். (1912இல் அவர் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தது உங்கள் அப்பா லாரி ஓட்டிப்போகும் அதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில்தான். அவர் பெயரிலான அருங்காட்சியகம் பக்கத்து இராயபுரத்தில் இருக்கிறது. இதுவரை போகவில்லை என்றால் ஒருமுறை போய்வாருங்கள்.) இரண்டாவது மதிப்பையும் மூன்றாவது மதிப்பையும் பெருக்கினால் ஆறாவது மதிப்பு கிடைப்பதைக் கவனியுங்கள்: -24 பெருக்கல் 252 என்பது -6048. இராமானுஜன் கண்டு சொன்ன இந்தப் பண்பை 1917இல் மோர்டெல் என்ற கணிதவியலாளர் நிறுவினார். இதை மட்டும் படித்துவிட்டு நிரல் எழுதுகிற ஒருவர், நான்காவது மதிப்புக்கும் -24ஐ -24ஆல் பெருக்கி 576 என்று விடை தந்துவிடுவார். பொதுக் காரணி இல்லாத எண்களுக்குத்தான் இந்தப் பெருக்கல் செல்லும். நான்குக்கு, 576இலிருந்து இரண்டின் பதினோராம் அடுக்கான 2048ஐக் கழிக்க வேண்டும், அப்போதுதான் -1472 வரும். அந்தத் தவறான நிரல் 6, 10, 15 ஆகிய எண்களுக்கெல்லாம் சரியான விடையே தரும். 4, 8, 9 என்று கொடுக்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

எந்த எண்ணைக் கொடுத்துச் சோதித்தால் பிழை வெளியே வரும் என்று தெரிவது கணிதம் படித்தவருக்கே உரிய அறிவு. ஸேஜ்மேத்திலும் சிம்பையிலும் ஒவ்வொரு செயற்கூறின் (ஃபங்ஷன்) விளக்கக் குறிப்பிலும் இதைக் கொடுத்தால் இது வரும் என்று மாதிரிகள் எழுதப்பட்டிருக்கும். கணினி அவற்றை உண்மையாகவே இயக்கி, விடை பொருந்துகிறதா என்று சரிபார்க்கும். அதற்கு டாக்டெஸ்ட் என்று பெயர். மாதிரி குறைவாக உள்ள செயற்கூறு ஒன்றைத் தேடி, பொருத்தமான எண்களைச் சேர்த்து அனுப்புவது புதியவர்களுக்கு மிக நல்ல தொடக்கம். சிம்பையின் பிழைப் பட்டியலில் ஈஸி டு ஃபிக்ஸ் என்று குறியிடப்பட்டவையும் உங்களைப் போன்றவர்களுக்காக வைக்கப்பட்டவைதான். ஏற்கெனவே யாராவது அதில் வேலை செய்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

லேப்டாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். சிம்பை முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது, எம்பிமேத் என்ற ஒரே ஒரு நூலகம் இருந்தால் இயங்கிவிடும். உங்கள் நான்கு ஜிபி அதற்குப் போதும். ஸேஜ்மேத் பெரியது. அதை மூல நிரலிலிருந்து தொகுக்க உட்கார்ந்தால் பழைய கணினியில் பல மணி நேரம் போய்விடும் என்பதால், கோண்டா என்ற நிறுவல் கருவி வழியாக ஆயத்தமாகக் கிடைப்பதை நிறுவிக்கொள்ளுங்கள். புல் ரிக்வெஸ்ட், அதாவது உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கை, அனுப்பியதும் முழுச் சோதனையையும் கிட்ஹப்பின் கணினிகளே ஓட்டிக் காட்டும்; நீங்கள் மாற்றிய கோப்புக்கான சோதனையை மட்டும் வீட்டில் ஓட்டினால் போதும். வீட்டில் இடமும் அமைதியும் இல்லாத நாட்களுக்கு, கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் இருக்கிறது. மிகக் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் முடியும்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அங்கே யாரும் உங்கள் நடையழகைப் பார்க்கப்போவதில்லை. நான் இதைக் கொடுத்தேன், இந்த விடை வந்தது, இந்த விடை வந்திருக்க வேண்டும், என்னிடம் உள்ள பதிப்பு இது என்ற நான்கு செய்திகளைச் சிறு சிறு வாக்கியங்களில் எழுதினால் போதும். உங்கள் திருத்தத்துக்குக் குறை சொல்லிப் பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் நிரலுக்கும் அப்படித்தான் பதில் வரும். குறை சொல்லியிருக்கிறார்கள் என்றால் நேரம் ஒதுக்கிப் படித்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே ஓர் எச்சரிக்கை: செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித்தந்ததை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் விளக்க முடியாத நிரலை அனுப்பினால், ஊதியமின்றி உழைக்கும் ஒருவரின் மாலை நேரத்தை வீணாக்குகிறீர்கள். அது உங்கள் பெயரோடு அங்கேயே பதிவாகியும் இருக்கும்.

பிப்ரவரிக்குள் ஓரிரு திருத்தங்கள் சேர்ந்துவிட்டால், விண்ணப்பம் எழுதுவது கடினமாக இராது. எந்த வாரம் எதை முடிப்பீர்கள் என்பதை உண்மையாக எழுதுங்கள். மூன்று விண்ணப்பங்கள் வரை அனுப்பலாம் என்றாலும், உங்களுக்கு ஒன்றே போதும் என்பது என் கருத்து. 175 மணி நேரத் திட்டத்தை எடுத்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வரும். 350 மணி நேரத் திட்டம் என்றால் அது இரட்டிப்பாகும். செமஸ்டர் தேர்வு மே வரை இழுக்கலாம், அடுத்த செமஸ்டரும் வேலை முடிவதற்குள் தொடங்கிவிடும் என்பதால் சிறியதையே எடுங்கள். தேர்வுத் தேதிகளையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

இதில் இடம் கிடைக்கவில்லை என்றால், மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் கோடையில் மாணவர்களை எடுக்கிறது. சைலாப், பைத்தான் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் வேலை. ஒரு சோதனைப் பணியைச் செய்துகாட்டித் தேர்வாக வேண்டும். அவுட்ரீச்சி என்ற மற்றொரு திட்டம், தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களுக்கென்றே உதவித்தொகையுடன் நடத்தப்படுகிறது. பெண்கள் பலர் அதன் வழியாக வந்திருக்கிறார்கள். இரண்டுக்குமே, இப்போது நீங்கள் அனுப்பப்போகும் திருத்தங்கள் கைகொடுக்கும்.

அப்பாவிடம் வெறும் வாயால் வாதிட வேண்டாம். முதல் திருத்தம் ஏற்கப்பட்டதும் அந்தப் பக்கத்தைத் திறந்து, உங்கள் பெயர் இருக்கும் வரியை அவருக்குக் காட்டி, இதற்கு நாம் ஒரு ரூபாயும் கட்டவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு முன்பாகக் கல்லூரியில் ஒரு வேலை இருக்கிறது. பாடத்திட்டத்தின்படி இன்டர்ன்ஷிப் மதிப்பெண் தேவை என்றால், வெளிநாட்டு அமைப்பு ஒன்று தரும் நிறைவுச் சான்றை ஏற்றுக்கொள்வார்களா, எந்தப் படிவத்தில் கேட்கிறார்கள் என்று உங்கள் துறைத்தலைவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு, ஜனவரிக்குள் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.