காலரா நச்சைத் தடுக்கும் செடிச்சாறு: கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில்): கிருமியைக் கொல்லாமல் நச்சை மட்டும் நிறுத்தி என்ன பயன்?

பதில்: ஆளைச் சாய்ப்பது நச்சுதான். 1959-ல் கொல்கத்தாவில் எஸ்.என்.டே என்ற விஞ்ஞானி அதை நிரூபித்தார். நச்சு குடல் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை ஏற்றிவிடும். குளோரைடு வெளியே கொட்டும், பின்னாலேயே தண்ணீரும் போகும். கஞ்சித்தண்ணி மாதிரிப் போவது அதனால்தான். கொல்லும் மருந்துக்குத் தப்பிய கிருமிதான் பெருகி மருந்து எதிர்ப்பைப் பரப்புகிறது. நச்சை மட்டும் அடக்கினால் கிருமி எதிர்ப்பை வளர்க்கும் நெருக்கடி குறையும் என்பது எதிர்பார்ப்பு.

கேள்வி (தக்கலை): மிளகாய் வத்தலுக்கு அந்தக் குணம் உண்டா?

பதில்: உண்டு, சோதனைக்குழாயில். 2010-ல் வெளியான ஆய்வில் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கேப்சைசின் (மிளகாயின் காரப் பொருள்), கிருமியின் வளர்ச்சியைக் கெடுக்காமலே நச்சை வெகுவாகக் குறைத்தது. நச்சு உற்பத்தியை அடக்கும் மரபணுவான எச்-என்-எஸ் செயல்பாடு கூடியது, அதைத் தூண்டும் டாக்ஸ்-டி இறங்கியது. மீன்குழம்பில் காரம் கூட்டினால் அந்த அளவு குடலில் நிற்கும் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி (குலசேகரம், எம்.எஸ்சி.): மாறாமலைக் கிராம்பை எப்படிச் சோதிப்பது?

பதில்: உலர்ந்த மொட்டைப் பொடித்து, 10 கிராமுக்கு 100 மில்லி மெத்தனால் விட்டு ஒரு நாள் குலுக்குங்கள். வடிகட்டி, 40 டிகிரி தாண்டாமல் ரோட்டரி எவாப்பரேட்டரில் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) வற்ற வையுங்கள். சூடு கூடினால் கிராம்பின் மணப்பொருளான யூஜெனால் பறந்துவிடும். பிறகு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள். வளர்ப்பில் அது 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒப்பீட்டுக்கு, சாறு இல்லாமல் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழாய் ஒன்று கட்டாயம்.

முதலில் எம்ஐசி, அதாவது கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். அதில் கால், அரைக்கால் பங்கில் நச்சுச் சோதனை. எல் டோர் என்ற காலராக் கிருமி வகைக்கு, நச்சு உண்டாக்க வளர்க்கும் ஏகேஐ ஊடகம், 37 டிகிரி, 4 மணி நேரம் அசைக்காமல், பிறகு 16 மணி நேரம் குலுக்கி. முடிவில் காலனி எண்ணுங்கள். எண்ணிக்கை சரிந்திருந்தால் நீங்கள் பார்த்தது நச்சுத் தடுப்பு இல்லை, கிருமி செத்தது. குழித்தட்டில் செய்தால் யூஜெனால் ஆவி பக்கத்துக் குழிக்கும் போகும். அதனால் தட்டை சீல் வையுங்கள். பிஎஸ்எல்-2 (உயிரிப் பாதுகாப்பு நிலை 2) ஆய்வகத்துக்கு வெளியே காலராக் கிருமியைத் தொடவே கூடாது.

கேள்வி (மார்த்தாண்டம்): கொய்யா இலைச் சாறு போட்டதும் எலைசாவில் (நச்சின் அளவைக் காட்டும் சோதனை) நச்சு பூஜ்யம். நம்பலாமா?

பதில்: உடனே நம்பாதீர்கள். இலையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்; நச்சு இருந்தும் எலைசா காட்டாது. சாறு போடாமல் கிருமியை வளர்த்து, கிருமியை நீக்கி எடுத்த, நச்சு ஊறிய தெளிநீரில் அதே அளவு சாறு கலந்து அளந்து பாருங்கள். அங்கும் அளவு விழுந்தால் சாறு அளவீட்டிலோ நச்சிலோ நேரடியாகக் குறுக்கிடுகிறது. உற்பத்தி நின்றதா என்பதை நச்சை உண்டாக்கும் சிடிஎக்ஸ்-ஏ மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆர்டி-பிசிஆர் சோதனையில் பார்த்தால்தான் சொல்ல முடியும், ஒப்பீட்டுக்கு ரெக்-ஏ என்ற மரபணு.

கேள்வி (குளச்சல்): பிள்ளைக்கு வயித்தால போகுது. கொய்யாத் தளிர் கஷாயம் போதுமா?

பதில்: போதாது. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) உடனே தொடங்குங்கள். பொட்டலம் இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். கண் குழிந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கஷாயம் காய்ச்ச நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.