நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ்ல கையெழுத்து கேக்கறாங்க

கேள்வி: அக்கா, நான் கேரளா கவர்மெண்ட் சர்வீஸ்ல, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஆபீஸ்ல சீனியர் போஸ்ட்ல இருக்கேன். இருபது பேருக்கு மேல வேலை செய்யறோம். இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு திடீர்னு ஒரு ஆர்டர் போட்டு, ஆபீஸ்ல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லைய விசாரிக்கற உள் கமிட்டிக்கு என்னைத் தலைவியா ஆக்கிட்டாங்க. ஆர்டர்ல போன வருஷத் தேதி. மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங் நடந்த மாதிரி மினிட்ஸும் எழுதி வெச்சு கையெழுத்து மட்டும் போடுங்கங்கறாங்க. இதுக்கு நடுவுல, காலைல கூட்டிப் பெருக்க வர்ற கான்ட்ராக்ட் அக்கா ஒருத்தங்க ரெக்கார்ட் ரூம்ல வெச்சு என்கிட்ட அழுதாங்க. பத்து மணி ஆபீஸுக்கு ஒருத்தர் ஏழரைக்கே வந்துடறாராம், வழிய மறிச்சு நின்னு அசிங்கமா பேசறாராம், போன வாரம் கையப் புடிச்சிருக்காரு. அவரு யூனியன்ல பெரிய ஆளு. அக்காவுக்கு எழுதப் படிக்க வராது, மலையாளமும் சரியா வராது, வேலை போயிடும்னு பயப்படறாங்க. கூட இருக்கறவங்க "அவங்க நம்ம ஸ்டாஃபே இல்ல, உங்களுக்கு எதுக்கு வம்பு"ங்கறாங்க. கவுன்டர்ல குடிச்சிட்டு வந்து எங்க பொண்ணுங்கள கண்டபடி பேசறவங்க தொல்லை வேற தனி. பேசாம இந்தப் பொறுப்பே வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?
(பேர் வேண்டாம், சித்தூர் தாலுக்கா)

பதில்: அம்மிணி, மொதல்ல அந்த மினிட்ஸ் புக்க மூடி வைங்க. கையெழுத்து போடாதீங்க, ஒரு பக்கத்துல கூட. யாரு கெஞ்சினாலும், "இது எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதானே மேடம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் போடாதீங்க. நாளைக்கு அந்த அக்கா விஷயம் கோர்ட்டுக்குப் போனா, போன வருஷமே கமிட்டி இருந்துச்சு, நாலு மீட்டிங் நடந்துச்சு, ஒரு புகாரும் வரலன்னு உங்க கையெழுத்துதான் அவங்களுக்கு எதிரா பேசும். பொய் ரெக்கார்டுக்கு நீங்களும் பொறுப்பாயிடுவீங்க, சொன்னவங்க ஒருத்தரும் அன்னிக்கு பக்கத்துல நிக்க மாட்டாங்க. ஆபீஸ் தலைமைக்கு ஒரு சின்ன கடிதம் எழுதுங்க: ஆர்டர் எனக்கு இன்ன தேதில கைக்கு வந்துச்சு, அதுல இருந்துதான் நான் பொறுப்பு, மொத மீட்டிங்க இன்ன தேதில வெக்கறேன். அவ்வளவுதான். ஒரு காப்பிய வீட்ல வெச்சுக்கோங்க.

கூடவே கமிட்டில யார் யாரு இருக்காங்கன்னு பாருங்க. வேலை செய்யற இடத்துல பெண்களுக்கு வர்ற பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 சட்டப்படி, தலைவி அந்த ஆபீஸ்ல சீனியர் லெவல்ல இருக்கற பெண்ணா இருக்கணும், மெம்பர்ல பாதிக்குக் குறையாம பெண்கள் இருக்கணும், வெளியில இருந்து ஒருத்தர், பெண்கள் விஷயத்துல வேலை செய்யற அமைப்புக்காரரோ இந்த மாதிரி கேஸ் தெரிஞ்சவரோ, கண்டிப்பா இருக்கணும். நிறைய இடத்துல இந்த வெளி மெம்பர் சீட்டுதான் காலியா கெடக்கும் இல்லன்னா யாரோ தெரிஞ்சவர் பேர் சும்மா எழுதியிருக்கும், அவருக்கே அது தெரியாது. அவங்களுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாயும் போக்குவரத்து செலவும் குடுக்கணும்னு விதியிலயே இருக்கு, அதனால காசு இல்லன்னு சொல்ல முடியாது. அவங்க இருக்கறதுக்கு காரணம் இருக்கு. உள்ள இருக்கற எல்லாருக்கும் ப்ரமோஷன், ட்ரான்ஸ்ஃபர், யூனியன்னு ஏதோ ஒரு கயிறு இருக்கும், வெளியாளுக்கு அது கெடையாது.

இப்ப "நம்ம ஸ்டாஃபே இல்ல"ங்கற பேச்சுக்கு வரேன், ஏன்னா உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப வலிச்சது அதுதான். சட்டத்துல வேலை செய்யறவங்கன்னா பர்மனென்ட், டெம்பரரி, தினக்கூலி, கான்ட்ராக்டர் மூலமா வர்றவங்க, சம்பளமே வாங்காம வேலை செய்யறவங்க, ட்ரெய்னிங்குக்கு வர்ற பொண்ணு வரைக்கும் எல்லாரும் அடக்கம். அவங்க சம்பளம் எந்தக் கணக்குல வருதுங்கறது கேள்வியே இல்ல. அது மட்டுமில்ல அம்மிணி, இந்தச் சட்டம் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்க ஆளுங்களுக்கு சொல்லுங்க. ராஜஸ்தான்ல பன்வாரி தேவின்னு ஒரு அம்மா, மாநில அரசோட பெண்கள் மேம்பாட்டு திட்டத்துல கிராம அளவுல வேலை பார்த்தவங்க. குழந்தைக் கல்யாணத்த தடுக்கப் போனதுக்காக 1992ல அவங்கள கூட்டா பலாத்காரம் பண்ணாங்க. அதுக்குப் பின்னாடி பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்த்தான் 1997ல விசாகா தீர்ப்பு வந்துச்சு, அதுல சொன்ன வழிமுறைதான் 2013ல சட்டமாச்சு. அரசாங்க வேலையில அடிமட்டத்துல நின்ன ஒரு அம்மாவால வந்த சட்டம் இது. அதை வெச்சுக்கிட்டு கூட்டிப் பெருக்கற அக்காவுக்கு இது பொருந்தாதுன்னு எந்த வாயால சொல்றது?

எழுதத் தெரியலங்கறது தடையே இல்ல. எழுத முடியாதவங்களுக்கு கமிட்டித் தலைவியோ மெம்பரோ எழுத உதவி செஞ்சே ஆகணும்னு சட்டத்துல இருக்கு, அதாவது உங்க கடமை அது. தமிழ்லயே எழுதுங்க. கேரளாவோட 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னட சிறுபான்மை மக்கள் அவங்க பாஷையில அரசாங்கத்துக்கு எழுதலாம்னு சொல்லுது, சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடத்து லோக்கல் ஆபீஸ்களுக்கும் சேர்த்து. மேல அனுப்ப மலையாள மொழிபெயர்ப்பு வேணும்னா பின்னாடி இணைச்சுக்கலாம், ஆனா அவங்க கைரேகையோ கையெழுத்தோ விழறது அவங்களுக்குப் புரியற பேப்பர்ல இருக்கணும். எழுதி முடிச்சதும் ஒரு தடவை முழுசா வாசிச்சுக் காட்டுங்க. அவங்க சொன்ன வார்த்தைய நாகரிகமா மாத்தாதீங்க. "தகாத முறையில் நடந்துகொண்டார்"னு எழுதினா விசாரணைல அது ஒண்ணுக்கும் ஆகாது, என்ன சொன்னாரு, எந்தக் கையப் புடிச்சாரு, எங்க நின்னாங்க, அப்ப வாசல் கேட் தொறந்திருந்துச்சா, இதெல்லாம்தான் வேணும். ஆறு காப்பி எடுக்கணும். கடைசியா நடந்ததுல இருந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், போன வாரம்னு சொல்றதால அவங்களுக்கு நேரம் இருக்கு. தகுந்த காரணம் இருந்தா கமிட்டி இன்னும் மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம்.

அவங்க பயம் வேலையப் பத்தி. அது நியாயமான பயம். பர்மனென்ட் ஆளா இருந்தா ட்ரான்ஸ்ஃபர் பண்ணுவாங்க, கான்ட்ராக்ட் அக்காவ "நாளைல இருந்து வர வேண்டாம்"னு ஒரு ஃபோன்ல முடிச்சிடுவாங்க, எந்தப் பேப்பர்லயும் அது இருக்காது. அதனால புகாரோட சேர்த்தே, விசாரணை முடியற வரைக்கும் பாதுகாப்பு வேணும்னு எழுத்துல ஒரு மனு வாங்கிடுங்க. அது வந்தா கமிட்டி இவங்களையோ அவரையோ இடம் மாத்தச் சொல்லலாம், இவங்களுக்கு மூணு மாசம் வரைக்கும் லீவு குடுக்கச் சொல்லலாம், அந்த லீவு அவங்க வழக்கமான லீவுல கழியாது, நீங்க பரிந்துரைச்சா ஆபீஸ் அதை நடத்திக் குடுக்கணும். நான் சொல்வேன், நகர்த்தறதா இருந்தா அவர நகர்த்தச் சொல்லுங்க. இவங்கள வீட்ல உக்கார வெச்சா ஊரு என்ன பேசும்னு உங்களுக்கே தெரியும். இப்போதைக்கு நாளைக் காலைலயே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: சாவிய வேற ஒருத்தர் கைக்கு மாத்துங்க, ஒம்பது மணிக்கு முன்னாடி ஆபீஸ் தொறக்க வேண்டாம், தொறக்கறப்ப இன்னொரு பெண் கூட இருக்கணும்னு ஒரு ஆபீஸ் ஆர்டர் தலைமைகிட்ட வாங்குங்க. அதுக்கு யாரு பேரையும் சொல்ல வேண்டியதில்ல. கான்ட்ராக்டர்கிட்டயும், இவங்கள ஆபீஸ்ல எழுத்துல சொல்லாம நிறுத்தக் கூடாதுன்னு தலைமை வழியா ஒரு வரி போகட்டும்.

விசாரணைய மட்டும் அவசரத்துல கெடுத்துடாதீங்க. புகார் வந்து ஏழு வேலை நாளுக்குள்ள அவருக்கு ஒரு காப்பி போகணும், அவரு பதில் தர பத்து வேலை நாள், ரெண்டு பக்கமும் வக்கீல் வரக் கூடாது, விசாரிக்கறப்ப உங்களையும் சேர்த்து கொறஞ்சது மூணு பேர் இருக்கணும், 90 நாளைக்குள்ள முடிக்கணும். சாட்சிய கூப்பிடவும் ரெக்கார்ட வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு இருக்கற அதிகாரம் உங்களுக்கு இருக்கு, அதனால உங்க ஆபீஸ்ல பஞ்சிங் மெஷின் இருந்தா போன மூணு மாசத்துல அவரு வந்த நேரத்த எடுங்க, பத்து மணி ஆளு ஏழரைக்கு ஏன் வந்தாருன்னு அவரே சொல்லட்டும். அவரு தரப்ப முழுசா கேளுங்க, அது அவருக்காக மட்டும் இல்ல. கோவா யுனிவர்சிட்டில ஒரு டீச்சர் மேல வந்த புகார்கள்ல கமிட்டி அவசர அவசரமா மீட்டிங் போட்டு, அவருக்கு போதுமான வாய்ப்பு தராம முடிச்சதுனால, 2009ல நடந்த விசாரணைய 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணி திரும்ப நடத்தச் சொல்லிடுச்சு. புகார் குடுத்த பொண்ணுங்க அத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு என்ன ஈடு? அரசு ஊழியர் விஷயத்துல கமிட்டி ரிப்போர்ட்ட துறை விசாரணை ரிப்போர்ட்டாவே எடுத்துக்கணும்னு 2012லயே தீர்ப்பு இருக்கு, அவ்வளவு கனமான பேப்பர் உங்க கையில இருந்து போகுது. முடிச்சு பத்து நாள்ல ரிப்போர்ட், அது கைக்கு வந்து 60 நாள்ல ஆபீஸ் நடவடிக்கை எடுத்தாகணும்.

நடுவுல சமரசம்னு வருவாங்க. "அண்ணன் ஸாரி கேட்டுட்டாரு, ரெண்டாயிரம் கைல குடுத்துடலாம், பெருசு பண்ணாதீங்க." சமரசம் அந்த அக்காவா கேட்டா மட்டும்தான், அப்பவும் காசு பேசவே கூடாது, சட்டமே சொல்லுது. கமிட்டில அவரோட யூனியன் ஆளு யாராவது இருந்தா இந்த விசாரணைல இருந்து ஒதுங்கிக்கச் சொல்லுங்க, அதையும் மினிட்ஸ்ல எழுதுங்க. யூனியன் ஒரு பெண் தொழிலாளிக்கு எதிரா நிக்கும்னு நான் முன்கூட்டியே நெனைக்கல, அங்கயும் பெண் மெம்பர்ங்க இருக்காங்க. ஆனா கமிட்டி யூனியன் ஆபீஸ்ல நடக்கக் கூடாது. பொய்ப் புகார்னு நிரூபிச்சா புகார் குடுத்தவங்க மேல நடவடிக்கைன்னு ஒரு பிரிவு இருக்கு, அதக் காட்டி மிரட்டுவாங்க. ஆதாரம் பத்தலங்கறதும் பொய்யும் ஒண்ணு இல்லன்னு அதே பிரிவுலயே எழுதியிருக்கு, அந்த வரியையும் வாசிச்சுக் காட்டுங்க.

ரகசியம் நம்ம மாதிரி ஊர்ல ரொம்ப கஷ்டம், வேலந்தாவளம் செக்போஸ்ட்ல நடந்தது கோபாலபுரத்துக்கு டீ ஆறறதுக்குள்ள போயிடும். புகார் சாதாரண தபால் ரிஜிஸ்டர் வழியா, நாலு டேபிள் சுத்தி வரக் கூடாது, நேரா உங்க கைக்கு மூடின கவர்ல. வாட்ஸப்ல எதுவும் போகக் கூடாது. பேர வெளிய விட்டா விட்டவங்களுக்கு அபராதம் உண்டு, தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டாலும் குடுக்க முடியாது.

கவுன்டர் விஷயம். வெளியில இருந்து வர்றவங்களால பெண்களுக்கு தொல்லை வராம பாத்துக்கறதும் ஆபீஸ் தலைமையோட பொறுப்புதான்னு இதே சட்டத்துல இருக்கு, அசிங்கமா பேசறத அதுக்குக் கீழ கொண்டு வாங்க, அவங்க போலீஸ்ல புகார் குடுக்க விரும்பினா ஆபீஸ் கூட நிக்கணும். அடிக்க வந்தா, வேலை செய்ய விடாம தாக்கினா அது நேரா போலீஸ் கேஸ், பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 132. அன்னிக்கே ரிப்போர்ட் போகட்டும்.

பொறுப்ப விட்டுடட்டுமான்னு கேட்டீங்க. விடலாம், யாரும் கட்டிப் போட முடியாது. ஆனா நீங்க விட்டா அடுத்து யாரு வருவாங்கன்னு யோசிங்க, அந்த மினிட்ஸ்ல கையெழுத்து போடறவங்கதான். அந்த அக்கா ரெக்கார்ட் ரூமுக்கு வந்து சொன்னது உங்ககிட்ட, ஆர்டர்ல பேர் இருக்குன்னு தெரிஞ்சு வரல, நம்பி வந்தாங்க. தனியா சுமக்காதீங்க. பாலக்காட்டுல மாவட்ட சட்டப்பணி ஆணையத்துல பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, 15100க்கு ஃபோன் பண்ணலாம், பெண்கள் உதவிக்கு 181. ஒரு வேளை நாளைக்கு புகார் ஆபீஸ் தலைமை மேலயே வந்தா அது உங்க கமிட்டிக்கு இல்ல, மாவட்ட அளவுல இருக்கற லோக்கல் கமிட்டிக்குப் போகணும், கலெக்டரேட்ல கேட்டா யாருன்னு சொல்லுவாங்க.

மொத மீட்டிங்குக்கு முன்னாடி நோட்டீஸ் போர்டையும் பாத்துடுங்க. கமிட்டி ஆர்டரும், தப்பு பண்ணா என்ன தண்டனைங்கறதும் எல்லாரும் பாக்கற இடத்துல ஒட்டணும், பீரோவுக்குப் பின்னாடி இல்ல. மலையாளத்தோட தமிழ்லயும் ஒண்ணு எழுதி ஒட்டுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு நாள் டீ டைம்ல எல்லாரையும் நிக்க வெச்சு வாயாலயே சொல்லுங்க, கூட்டறவங்க, டிரைவர், வாட்ச்மேன் எல்லாரும் இருக்கறப்ப. நீங்க எழுதற மொத உண்மையான மினிட்ஸ் அதுவாவே இருக்கட்டும்.