மிஷின் கட்டிங், சொந்தக் கை

(ராயப்பேட்டையில் சலூன் நடத்துபவர் வாசகர்களின் தலைமுடிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த வாரம் வந்தவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே முடி வெட்டிக்கொள்வது பற்றி.)

கேள்வி: மாதாமாதம் சலூனில் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு கிளிப்பர் வாங்கி நானே வெட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பின்பக்கம் எப்படி என்பதுதான் பயம். இதை ஒரு சலூன்காரரிடமே கேட்பதற்கு மன்னிக்கவும்.
– ம., பெரம்பூர்

பதில்: மன்னிப்பெல்லாம் எதற்கு சார்? 2020ல் கொரோனா ஊரடங்குக்காக மார்ச் கடைசியில் கடையை மூடி ஜூனில் திறந்தபோது, வந்தவர்களின் ஆதார் நம்பரைக் குறித்துக்கொண்டுதான் துணியே போர்த்தினோம். அப்போது வந்த தலைகளைப் பார்த்திருக்க வேண்டும். சிலது எலி கடித்த பாய் மாதிரி. சிலது நிஜமாகவே நன்றாக இருந்தது. நன்றாக இருந்த தலைகளெல்லாம் ஒரே நம்பரில் முழுசாக ஓட்டியவை. சைடைக் குறைத்து மேலே விட்டு, நடுவில் இழைக்கிறேன் என்று இறங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒரே அளவில் ஓட்டுவது யாராலும் முடியும். இரண்டு அளவுகளைக் கோடு தெரியாமல் சேர்ப்பதற்குத்தான் எங்களுக்குக் காசு.

ஆகவே ஒரே நம்பர். சீப்பு மாதிரி மாட்டும் பிளாஸ்டிக் கார்டில் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. முதல் தடவை 4ஐ மாட்டுங்கள். அதிகமாகத் தெரிந்தால் 3க்கு இறங்கலாம். 2ல் ஆரம்பித்துவிட்டு 4க்கு ஏற முடியாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கார்டு 'டக்' என்று உட்கார்ந்ததா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். அது பாதியில் கழன்றால் அந்த இடத்தில் வெறும் தோல்தான்.

தலைக்குக் குளித்து, எண்ணெய் போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு உட்காருங்கள். தேங்காய் எண்ணெய்த் தலையில் மிஷின் வழுக்கிக்கொண்டு மேலே போகும், வெட்டாது. வியர்த்த தலையும் அப்படித்தான், முடி படுத்துக்கொள்ளும். சென்னையில் ஃபேனைப் போட்டால் முடி கண்ணுக்குள், நிறுத்தினால் வியர்வை. அதனால் விடியற்காலைதான் நல்ல நேரம். கழுத்தில் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டால் விழுகிற முடி ஒட்டாது. கீழே பேப்பர் விரியுங்கள். பாத்ரூமில் வெட்டித் தண்ணீர் ஊற்றினால் அடுத்த செலவு பிளம்பருக்கு.

முடி வளரும் திசைக்கு எதிராக, மெதுவாக, தலையோடு ஒட்டி ஓட்டுங்கள். உச்சிச் சுழியில் மட்டும் முடி வட்டமாகப் போவதால் நாலு பக்கத்திலிருந்தும் வர வேண்டும். காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓட்டுங்கள்.

இப்போது பிடரி. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்ப்பது சரிபார்க்கத்தான் உதவும். வெட்டும்போது கண்ணாடியை நம்பினால் கை எதிர்ப்பக்கம் போகும். விரலை நம்புங்கள். இடது கை ஆள்காட்டி விரலைப் பிடரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். மயிர்க்கோடு எங்கே தானாக முடிகிறதோ அங்கே, அதற்கு மேலே வேண்டாம். கார்டைக் கழற்றி மிஷினைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் முனை விரலின் கீழ் ஓரத்தைத் தொடும்படி வைத்து, அங்கிருந்து கீழ்நோக்கி மட்டும் இழுங்கள். விரலை நகர்த்தி அடுத்த பக்கம். கோடு கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கேடில்லை, நாளைக்கு ஏற்றலாம். மேலே ஏறிவிட்டால் வளரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டாலும் தப்பில்லை.

கிருதாவைக் காது மடலை வைத்து அளக்காதீர்கள். பல பேருக்கு ஒரு காது சற்றே கீழே இருக்கும். நேராகக் கண்ணாடி பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரலை வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு கிளிப்பர் கொண்டுவந்தான். அடாப்டர் பின் மாட்டிப் போட்டால் இங்கே வேலை செய்யுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்

பதில்: ஐயா, போடுவதற்கு முன் மிஷினின் அடியிலோ சார்ஜரிலோ பொடி எழுத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் தாராளமாகப் போடலாம், பின் மாற்றினால் போதும். சார்ஜ் போடும் மாடல்கள் பெரும்பாலும் இந்த வகை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230ல் செருகாதீர்கள், புகைந்துவிடும். வெறும் பின் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது.

வயரோடு 'டர்ர்' என்று அதிரும் வகை இருக்கிறதே, 1921ல் லியோ வால் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய மின்காந்த மிஷினின் வம்சம் அது. அதில் இன்னொரு சங்கடம் உண்டு. அங்கே கரண்ட் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. பிளேடு அந்தக் கணக்கில்தான் ஆடும். வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி வாங்கி வைத்தாலும் மிஷின் சோம்பலாகவோ கடகடவென்றோ ஓடலாம். பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். சத்தம் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அதை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள்.

கேள்வி: செவ்வாய்க்கிழமை வீட்டில் முடி வெட்டலாமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: சாஸ்திரம் எனக்குத் தெரியாதம்மா. எங்களுக்கு அன்றைக்கு லீவு.

கேள்வி: அப்பா பல மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து வெட்டுபவர் ஊருக்குப் போய்விட்டார். நானே மிஷினில் வெட்டலாமா? அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.
– எஸ்., வில்லிவாக்கம்

பதில்: தாராளமாக வெட்டலாம் அம்மா, அந்த மாத்திரையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கீறலுக்குக்கூட ரத்தம் சுலபத்தில் நிற்காது. ஆகவே கார்டில்லாமல் மிஷின் அவர் தோலைத் தொடவே வேண்டாம். பிடரிக் கோடு, கிருதாக் கோடு எதுவும் போடாதீர்கள். 3ம் நம்பர் கார்டோடு முழுத் தலையும், அவ்வளவுதான். ஆரம்பிக்கும் முன் தலையை விரலால் தடவி மரு, மச்சம், ஆறாத புண் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வயர் இல்லாத மிஷின் நல்லது. தலையணை மேல் பழைய துண்டை விரித்து, அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு பாதி, கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபக்கம் சாய்த்து அடுத்த பாதி. துண்டோடு முடியை அப்படியே சுருட்டி எடுத்துவிடுங்கள். முதுகுக்கடியில் ஒரு துணுக்கு முடி இருந்தாலும் நடமாட முடியாதவருக்கு நாள் முழுக்க அரிப்பு. பிளேடு ஓட ஓடச் சுடும். உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம், முடித்ததும் அவர் கையில் கண்ணாடியைக் கொடுங்கள். எங்கள் கடையில் அது இல்லாமல் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

கேள்வி: வாங்கும்போது வெண்ணெய் வெட்டுவது போல் ஓடிய மிஷின் இப்போது முடியைப் பிடித்து இழுக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டும் சரியாகவில்லை. வீட்டில் மூன்று ஆண்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.
– கே., திருவொற்றியூர்

பதில்: தேங்காய் எண்ணெய்தான் காரணம். அது நாளாக ஆகப் பிசினாகும், மார்கழியில் உறைந்தே போகும். மிஷினோடு வந்த எண்ணெய் தீர்ந்திருந்தால் தையல் மிஷின் எண்ணெய் போதும். முதலில் பிளேடைக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் முடித்தூளையெல்லாம் தட்டுங்கள். போர் தண்ணீரில் கழுவ வேண்டாம், உப்புப் படியும். ஏற்கெனவே உங்கள் ஊர்க் கடல் காற்றே இரும்புக்குப் போதுமான எதிரி. மாட்டியபின் பல் ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, சில விநாடி ஓடவிட்டுத் துணியால் துடையுங்கள். பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆடும் மேல் பிளேடின் பல், நிற்கும் பிளேடின் பல்லைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தோலைக் கிழிக்கும். இவ்வளவு செய்தும் இழுத்தால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

மூன்று பேருக்கும் ஒரே மிஷின் என்றால் ஒவ்வொருவருக்கும் பிறகு பிளேடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். கார்டை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒருவர் தலையில் படர்தாமரை இருந்தால் மூன்று தலைக்கும் வரும். குடும்ப ஒற்றுமையை இந்த விஷயத்தில் காட்ட வேண்டாம்.

கேள்வி: எனக்கு ரெட்டைச் சுழி. அதனால் இரண்டு கல்யாணம் என்று வீட்டில் கிண்டல். நிஜமா?
– கல்லூரி மாணவர், பல்லாவரம்

பதில்: ஒரு கல்யாணத்தோடு பேரன் எடுத்த ரெட்டைச் சுழிக்காரர்கள் பலர் எனக்கு வாடிக்கை. சுழி இரண்டு என்றால் மிஷின் வேலைதான் இரண்டு மடங்கு. உச்சியில் ரொம்பக் குறைத்தால் இரண்டுக்கும் நடுவே முடி குத்திட்டு நிற்கும். 4க்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பையன். மிஷின் சத்தம் கேட்டாலே மாடிக்கு ஓடுகிறான்.
– ஒரு தாய், மடிப்பாக்கம்

பதில்: காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் பெரியவர்களுக்கே பெரிதுதான். வெட்டுகிற நாளுக்கு முன்பே, மிஷினை ஓடவிட்டு அதன் பிளேடில்லாத பக்கத்தை அவன் உள்ளங்கையில் வையுங்கள். அடுத்து அவன் அப்பா தலையில் அவனையே, கார்டு மாட்டி, ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அப்பா சம்மதிக்க வேண்டும், அது உங்கள் பாடு. பையனுக்கு வெட்டும்போது பிடரியில் ஆரம்பித்து மேலே வந்து, காதோரத்தைக் கடைசிக்கு வையுங்கள். பாதியில் அழுதால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். ஆனால் சனிக்கிழமை ஆரம்பியுங்கள். பாதித் தலையோடு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகச் சம்மதிக்க மாட்டான்.